வழக்கறிஞர் விட்டுச் சென்ற பெட்டிகள்

போர்க்குற்ற வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் ஒருவரின் வாழ்க்கைக்கு அருங்காட்சியகம் மரியாதை செய்யும்போது, வருகிறவர்களின் கண் முதலில் பதக்கங்களின் மீது போகும். அடுத்து, நீதிமன்றத்தில் அவர் நின்று பேசும் கறுப்பு வெள்ளைப் படம். அதோடு பலர் நகர்ந்துவிடுவார்கள். அவர் தன் வாழ்நாளைச் செலவிட்ட பொருட்களோ பெரும்பாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதில்லை. தட்டச்சு வரைவுகள், ஓரத்தில் பென்சிலால் எழுதிய கேள்விகள், மனைவிக்குப் போட்ட கடிதங்கள், வழக்கில் சேர்க்காமல் ஒதுக்கிய வாக்குமூலங்கள் எல்லாம் சேமிப்பறையில் எண்ணிட்ட பெட்டிகளில் கிடக்கும். ஆராய்ச்சியாளர் யாராவது கேட்டால் வெளியே வரும். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் வாதம். இரண்டாம் உலகப் போரை ஒட்டி நடந்த போர்க்குற்ற வழக்குகள் காகிதத்தின் மேல் கட்டப்பட்டவை. ஆகவே அவற்றை நடத்தியவர்களின் சொந்தக் காகிதங்களும் சாட்சியத்தோடு சேர்ந்தவை. அவற்றைக் குடும்பச் சொத்தாகவோ புகழ்ச் சின்னமாகவோ மட்டும் பார்ப்பது, யாருக்காக அந்த வழக்குகள் நடந்தனவோ அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பெஞ்சமின் ஃபெரென்ஸின் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும். 1920இல் ட்ரான்சில்வேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, பத்து மாதக் குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்து, நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பொன்றில் வளர்ந்தவர் அவர். ஹார்வர்டில் சட்டம் படித்த நாட்களிலேயே, போர்க்குற்றங்கள் பற்றி எழுதிக்கொண்டிருந்த பேராசிரியர் ஷெல்டன் குளூக்குக்கு ஆய்வு உதவியாளராக இருந்தார். 1943இல் படிப்பை முடித்து ராணுவத்தில் சேர்ந்தவரை விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் போட்டார்கள். போர் முடியும் தறுவாயில்தான் போர்க்குற்றப் புலனாய்வுக்கு மாற்றினார்கள். புக்கன்வால்ட், மௌத்ஹவுசன் முதலிய நாஜி வதைமுகாம்கள் விடுவிக்கப்பட்ட வேளையில் அங்கே போன அவர், முகாம் அலுவலகத்தைத் தேடிப் பதிவேடுகளைக் கைப்பற்றுவதில் முனைந்தார். பிணங்கள் குவிந்துகிடக்கும் இடத்தில் ஒருவர் பேரேட்டைத் தேடுவது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம். ஆனால் யார், எத்தனை பேர், எந்த நாளில் இறந்தார்கள் என்பதைப் பின்னொரு நாள் நீதிமன்றத்தில் மறுக்க முடியாதபடி சொல்லக்கூடியது அந்தப் பேரேடுதான். அந்த இளைஞருக்கு அது தெரிந்திருந்தது.

போர் முடிந்து ராணுவத்தை விட்டு விலகி, 1946இல் நூரம்பர்க்கின் அடுத்தகட்ட வழக்குகளுக்குப் பொறுப்பான டெல்ஃபோர்ட் டெய்லரின் கீழ் மறுபடி வேலைக்கு வந்த ஃபெரென்ஸ், பெர்லினில் ஆவணங்களைத் தேடும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். கிழக்குப் போர்முனையில் ஜெர்மன் படைக்குப் பின்னாலேயே சென்ற எஸ்.எஸ். கொலைப்படைகள் தலைமையகத்துக்கு அனுப்பிய தகவல்களின் தொகுப்பறிக்கைகள் அக்குழுவிடம் சிக்கின. எந்த ஊரில் எந்தப் பிரிவு எத்தனை பேரைச் சுட்டுக் கொன்றது என்று அவை எண்ணிக்கையோடு சொல்லின. கீயவ் நகரத்தின் பாபி யார் பள்ளத்தில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் கொல்லப்பட்ட யூதர்கள் 33,771 பேர் என்பது, கொன்றவர்களே எழுதிவைத்த கணக்கு. ஃபெரென்ஸ் ஒரு கூட்டல் எந்திரத்தை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட எண்களைக் கூட்டிக்கொண்டே போனார். பத்து லட்சத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு டெய்லரைப் பார்க்கப் புறப்பட்டார். புதிய வழக்குக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை என்று தயங்கிய டெய்லர், மற்ற வேலைகளோடு இதையும் அவரே நடத்துவதானால் சரி என்று ஒப்புக்கொண்டார். அப்போது ஃபெரென்ஸுக்கு வயது 27. அதற்கு முன் ஒரு வழக்கைக்கூட அவர் நடத்தியதில்லை. அந்தக் கொலைப்படைகளில் ஆயிரக்கணக்கானோர் இருந்தும் 24 பேர் மீதுதான் குற்றம் சாட்டப்பட்டது. குற்றவாளிக் கூண்டில் இருந்த இருக்கைகள் அவ்வளவுதான் என்று பிற்காலத்தில் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

1947 செப்டம்பர் 29 அன்று நூரம்பர்க்கில் விசாரணை தொடங்கியது. ஃபெரென்ஸ் ஆவணங்களையே நம்பி இரண்டு நாட்களில் தன் தரப்பை முடித்துக்கொண்டார். மீதி மாதங்களில் பெரும்பகுதி எதிர்த்தரப்புக்குப் போயிற்று. எண்கள் ஊதிப்பெருக்கப்பட்டவை, அறிக்கைகளில் பிழை மலிந்திருக்கிறது என்று அவர்கள் வாதாடினார்கள். ஆக, அந்தத் தாள்கள் எங்கிருந்து வந்தன, யார் யார் கையைக் கடந்தன, எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விகளில்தான் வழக்கின் உயிர் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார், இன்னொருவர் நோயால் விலக்கப்பட்டார். எஞ்சிய 22 பேரும் குற்றவாளிகள் என்று 1948 ஏப்ரலில் நீதிபதி மைக்கேல் முஸ்மானோவின் அமர்வு தீர்ப்பளித்தது. 14 பேருக்கு மரண தண்டனை. அதற்குப் பிறகு நடந்தது கசப்பானது. பனிப்போர் மூண்டு, மேற்கு ஜெர்மனியின் தயவு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. 1951இல் அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்லாய் பல தண்டனைகளைக் குறைத்தார். இந்த வழக்கில் தூக்கிலிடப்பட்டவர்கள் நான்கு பேர்தான். சிறையில் எஞ்சியிருந்த கடைசி மூவரும் 1958 மே மாதத்தில் வெளியே வந்துவிட்டார்கள். பத்தாண்டுகளில் தண்டனை கரைந்துபோயிற்று. ஆனால் கொலைகளை மறுக்க வருகிறவர்கள் இன்றும் தாண்ட முடியாமல் நிற்பது அந்த அறிக்கைகளின் முன்னால்தான். எனவே இந்த வழக்கின் பயன் எது என்று கேட்டால், தண்டனையைவிட அது நிலைநாட்டிய சான்றுகளைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நீதிமன்றத்தில் தாக்கலான ஆவணங்கள் பொதுக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றனவே, வழக்கறிஞரின் வீட்டுப் பெட்டிகள் எதற்கு? முதல் நூரம்பர்க் வழக்கை விசாரித்த சர்வதேச ராணுவ நீதிமன்றத்தின் மூல ஆவணங்கள் ஹேக் நகரின் அமைதி மாளிகையில் சர்வதேச நீதிமன்றத்தின் பொறுப்பில் உள்ளன. நூரம்பர்க்கின் 13 வழக்குகள் தொடர்பாக ஹார்வர்ட் சட்டப் பள்ளி நூலகத்தில் இருப்பவை மட்டும் சுமார் பத்து லட்சம் பக்கங்கள். இவ்வளவும் இருந்தும் ஒன்று குறைகிறது. நீதிமன்றக் கோப்பு, வழக்கறிஞர் எதைத் தாக்கல் செய்தார் என்பதை மட்டுமே சொல்லும். எதைத் தாக்கல் செய்யாமல் விட்டார், ஏன் விட்டார், எங்கே தடுமாறினார் என்பது அதில் இருக்காது. முதல் நூரம்பர்க் வழக்கின் அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன், எதிரியின் சொந்த ஆவணங்களைக் கொண்டே வழக்கை நிலைநாட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். உளவுத்துறைத் தலைவராக இருந்து அவருக்குத் துணையாக வந்த வில்லியம் டோனவன், சாட்சிகளைக் கூண்டில் ஏற்றாவிட்டால் உலகத்தின் மனத்தில் வழக்கு பதியாது என்றார். கருத்து மோதி, விசாரணை தொடங்கிய சில நாட்களிலேயே டோனவன் விலகிப்போனார். அந்தப் பிளவை அறிய விரும்புகிறவர் தீர்ப்பின் பக்கங்களைப் புரட்டிப் பயனில்லை. ஜாக்சனின் தாள்கள் இருக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கும், டோனவனின் நூரம்பர்க் தொகுதிகள் இருக்கும் கார்னெல் சட்ட நூலகத்துக்கும் போக வேண்டும். பெருங்குற்றத்தை மக்களுக்கு எப்படிப் புரியவைப்பது, தாளாலா, மனிதக் குரலாலா என்ற கேள்வி இன்றைய போர்க்குற்ற நீதிமன்றங்களையும் விட்டபாடில்லை. அந்த விவாதத்தின் முதல் வடிவம் தனிமனிதர்களின் கேஸ் கட்டுகளில்தான் பிழைத்திருக்கிறது.

தனிமனிதர் கையில் தாள் தங்கிவிடுவதன் ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. ராபர்ட் கெம்ப்னர் அதற்குச் சரியான உதாரணம். பிரஷ்ய உள்துறையில் சட்ட ஆலோசகராக இருந்து, நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பதவி பறிக்கப்பட்டு, அகதியாக அமெரிக்காவுக்குப் போய், வென்றவர்களின் தரப்பு வழக்கறிஞராக நூரம்பர்க்குக்குத் திரும்பியவர். யூத இன அழிப்பை அரசு இயந்திரம் முழுவதும் சேர்ந்து நடத்த வழிவகுத்த 1942 வான்சே கூட்டத்தின் குறிப்பை 1947இல் கண்டெடுத்தது அவருடைய குழு. 30 பிரதிகளில் தப்பிப் பிழைத்தது 16ஆம் எண்ணிட்ட அந்த ஒன்றுதான். அந்தத் தாள் கிடைக்காமல் போயிருந்தால் வரலாற்றில் எவ்வளவு பெரிய பள்ளம் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அதே கெம்ப்னர், ஆராய்ச்சிக்கும் எழுத்துக்கும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி பெற்று, ஏராளமான மூல ஆவணங்களை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். கிழக்கில் கைப்பற்றப்பட்ட பகுதிகளுக்கு அமைச்சராக இருந்து 1946இல் தூக்கிலிடப்பட்ட ஆல்ஃபிரட் ரோசன்பெர்க்கின் நாட்குறிப்பில் பெரும்பகுதியும் அதில் அடக்கம். 1993இல் கெம்ப்னர் இறந்தார். அவருடைய பென்சில்வேனியா வீட்டில் குவிந்திருந்த தாள்களை வாஷிங்டனில் உள்ள அமெரிக்க யூத இன அழிப்பு நினைவு அருங்காட்சியகம் பெற முயன்றபோது, நாட்குறிப்பு காணவில்லை. கைமாறிப் போயிருந்த அதை அரசுப் புலனாய்வாளர்களின் உதவியோடு 2013இல்தான் மீட்க முடிந்தது. சுமார் 425 பக்கங்கள், அறுபது ஆண்டுகளுக்கு மேல் வரலாற்றாசிரியர்களுக்கு எட்டாமலே கிடந்தன. கெம்ப்னரின் திறமையையும் துணிவையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பொதுச் சொத்தான சான்றைத் தன் வேலையின் நினைவுப்பொருள்போல வீட்டில் வைத்திருந்தது தவறு. அனுமதி இருந்தது என்பதால் தவறு சரியாகிவிடாது. கண்டெடுத்தவரே மறைத்துவைத்தவராகவும் ஆகிவிட்டார்.

கொடுக்கிறவர் தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிக் கொடுக்கமாட்டாரா, அருங்காட்சியகம் அதை வாங்கி வைத்துத் தெய்வமாக்கிவிடாதா என்பது இன்னொரு ஆட்சேபம். இது நடக்கக்கூடியதுதான். நான் அஞ்சுவதும் இதைத்தான். ஆனால் இதற்கு மருந்தும் அதே பெட்டிகளில் இருக்கிறது. நூரம்பர்க்கில் ஜாக்சனுக்குத் துணையாக வாதாடிய தாமஸ் டாட் பின்னாளில் அமெரிக்க செனட்டர் ஆனார். தேர்தல் நிதியைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தியதற்காக 1967இல் செனட் அவரைக் கண்டித்தது. 1995இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ஓர் ஆய்வு மையம் திறக்கப்பட்டது. கண்டிக்கப்பட்டவர் பெயரில் மையமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், அவர் நூரம்பர்க்கிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் படியுங்கள் என்பதுதான். 2007இல் அவை நூலாகவும் வந்தன. எழுதியவரின் பிற்கால ஒழுக்கம், 1945இல் அவர் பார்த்துக் குறித்த எதையும் பொய்யாக்கவில்லை. சிலையாக இருந்தால் இறக்கிவிடுவார்கள். தாள் என்பதால் தப்பியது. ஃபெரென்ஸ் விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. கொலைப்படை அறிக்கைகள் பெர்லினில் எந்தக் கட்டடத்தில் கிடைத்தன என்று அவர் முதுமையில் நினைவுகூர்ந்ததும், ஆவணங்கள் காட்டும் தடமும் முழுக்க ஒத்துப்போகவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அவர் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருளில்லை. நேர்மையான மனிதரின் நினைவும் பல பத்தாண்டுகளில் நகர்ந்துவிடும். அதைத் திருத்த முடிந்தது பெறுகைக் குறிப்புகளும் பட்டியல்களும் அழியாமல் இருந்ததால்தான்.

மிகக் கடுமையான ஆட்சேபம் அடுத்தது. இவை வென்றவர்களின் நீதிமன்றங்கள், இந்த அருங்காட்சியகங்கள் வென்றவர்களின் கோயில்கள் என்பது அது. நூரம்பர்க்கிலும் டோக்கியோவிலும் வென்ற நாடுகளின் குண்டுவீச்சை யாரும் விசாரிக்கவில்லை என்பது உண்மை. ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ நீதிமன்றத்தில் இந்தியாவின் நீதிபதியாக அமர்ந்த ராதாபினோத் பால், குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்து எழுதிய மாறுபட்ட தீர்ப்பு இந்தக் குறையைத் தொட்டது. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். போரில் இறந்த ஜப்பானியரை வணங்கும், டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் 2005இல் பாலுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஜப்பானின் போரை நியாயப்படுத்த விரும்பும் தேசியவாதிகள் அவரைத் தங்கள் சாட்சியாக்கிக்கொண்டார்கள். ஜப்பானியப் படைகள் கொடுமைகள் இழைத்ததற்குச் சான்று மிகுதியாக உள்ளது என்று அதே தீர்ப்பில் பால் ஒப்புக்கொண்டதை அந்தக் கொண்டாட்டத்தில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆயிரம் பக்கத்துக்கு மேல் நீளும் தீர்ப்பில் வேண்டியதைக் கல்லில் வெட்டிக்கொள்ளலாம். முழுத் தீர்ப்பும் படிக்கக் கிடைக்கும்வரைதான் அந்த வெட்டு நமக்குத் தெரியவரும். வென்றவர்களின் நீதி என்ற குறைபாட்டைப் பரிசோதிக்கவும் வழக்குக் காகிதங்களைத் தவிர நமக்கு வேறு கருவி இல்லை. குற்றம் சாட்டியவர்கள் எதைக் கேட்கத் தவறினார்கள், யாரைக் கூண்டில் ஏற்றாமல் விட்டார்கள், அதற்கு மேலிடத்து உத்தரவு வந்ததா என்பதெல்லாம் அவர்களுடைய கோப்புகளில்தான் வெளிப்படும்.

அதே டோக்கியோ மன்றத்தில் இந்தியாவின் சார்பில் குற்றம் சாட்டும் தரப்பில் நின்றவர் மெட்ராஸ்காரர். அரசு வழக்கறிஞராக இருந்த பி. கோவிந்த மேனன், பின்னாளில் மெட்ராஸ் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் 1956இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் ஆகி, பதவியில் இருக்கும்போதே 1957இல் காலமானார். பாலின் பெயரை அறிந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது மேனனின் பெயர் தெரியுமா என்பது சந்தேகம். எதிர்ப்புத் தெரிவித்தவரை உலகம் நினைவில் வைத்தது. ஆதாரம் திரட்டி வாதாடியவரை அவருடைய ஊரே மறந்தது. தமிழர்களுக்கு இது வெறும் பொது அறிவுச் செய்தி கிடையாது. டோக்கியோ தீர்ப்பு விரிவாகப் பேசிய குற்றங்களில் ஒன்று சயாம்-பர்மா மரண ரயில்பாதை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தப் பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் வரிசை வரிசையாக அவர்களில் பலருடைய பெயர்கள் இருக்கின்றன. கைதிகள் ஒளித்து எழுதிய நாட்குறிப்புகளும் வரைந்த படங்களும் பல நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும், பர்மியரும், ஜாவானியரும், மலாய்க்காரர்களும் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். அவர்களுக்கு இன்றும் மதிப்பீடுகள்தான் உண்டு, பெயர்ப் பட்டியல் இல்லை. அவர்களில் மிகப் பலர் எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளர்கள். தாங்களே எழுதிவைக்க வழியில்லாதவர்களின் சாவுக்கு, விசாரணை அதிகாரியின் குறிப்பும் வழக்கறிஞர் வாங்கிய வாக்குமூலமும் சில இடங்களில் ஒரே எழுத்துச் சாட்சி. வழக்கறிஞரின் பெட்டிக்காக நான் இவ்வளவு வாதாடுவது அவருடைய புகழைக் கருதி இல்லை. அவர் ஒதுக்கிவைத்த ஒரு தாளில் மலாயாத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் பெயர் இருக்கலாம் என்பதால்தான்.

அருங்காட்சியகங்கள் இதைக் காட்சியாக்க முடியாது என்பதும் சரியில்லை. நூரம்பர்க் நீதிமன்றக் கட்டடத்தில், 600ஆம் எண் மன்றத்துக்கு மேல் தளத்தில் 2010 முதல் இயங்கும் நினைவகத்தில், குற்றவாளிகள் அமர்ந்த பலகைகளோடு ஆவணங்களை ஏற்றிவந்த மரப்பெட்டியையும் வைத்திருக்கிறார்கள். அந்த மரப்பெட்டி பதக்கத்தைவிட அதிகம் சொல்லுகிறது. ஃபெரென்ஸும் இதை உணர்ந்தவராகவே நடந்துகொண்டார். தன் தாள்களை வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்ததோடு, இன அழிப்புக் குற்றங்களுக்கு நீதி தேடும் பணிக்காக 2016இல் அங்கே பெரும் நிதியையும் ஒப்படைத்தார். 2011இல், தன் 91ஆம் வயதில், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் விசாரித்த முதல் வழக்கான லுபாங்கா வழக்கில் அரசுத் தரப்பின் இறுதி வாதத்தில் பங்கேற்றுப் பேசினார். 2023 ஏப்ரலில் 103 வயதில் இறக்கும்போது, நூரம்பர்க் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களில் உயிரோடிருந்த கடைசி மனிதர் அவர்தான். இனி அந்த வழக்குகளைப் பற்றி நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. படித்துத் தெரிந்துகொள்ளத் தாள் மட்டும் இருக்கிறது. வழக்கு வருமா, எந்த நீதிமன்றத்தில் வரும் என்று தெரியாத நிலையிலும் சான்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இன்று வலுத்திருக்கிறது. இலங்கையில் நடந்த மீறல்கள் பற்றிய சான்றுகளைத் திரட்டித் தொகுத்துப் பாதுகாக்கும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் 46/1ஆம் தீர்மானத்தின் மூலம் மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்குக் கொடுத்தது. முகாம் அலுவலகத்தில் பேரேட்டைத் தேடிய இளைஞர் செய்ததும் இதே வேலைதான்.

விசாரணை ஆணையங்களில் வாதாடியவர்கள், காணாமல் போனவர்களுக்காக ஆட்கொணர்வு மனுப் போட்டவர்கள், கலவர வழக்குகளையும் காவல் மரண வழக்குகளையும் நடத்தியவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். பலர் மறைந்துவிட்டார்கள், கேஸ் கட்டுகள் பரணில் கிடக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அங்கியையும் கேடயத்தையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள், உறவினர்களுக்குள் பங்கிட்டுப் பிரிக்காதீர்கள், கிறுக்கல் என்று வரைவுகளைக் கழிக்காதீர்கள். கட்டு இருந்த வரிசையிலேயே ஒரு பட்டியல் எழுதுங்கள். பிறகு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையோ, சென்னை ரோஜா முத்தையா நூலகத்தையோ, ஈழத்து ஆவணமென்றால் நூலகம் நிறுவனத்தையோ அணுகிப் பேசுங்கள். சாட்சிகளின் உயிருக்கு இன்றும் ஆபத்து வரக்கூடிய தாள்கள் இருந்தால், இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.